எஸ்நாத்தின் சுற்றில் ஒரு வீடு

1

ஆனி மாதம் என் கணவர் குமரேசனின் முதல் வருஷத் திதி வந்தது. ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் கொழுந்தனார் சேகர் உட்கார்ந்து செய்தார். நான் ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் தெற்கே, ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியின் மருந்துக் கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே நின்று போனில் பார்த்தேன்.

அங்கே நல்ல வெயில். இங்கே அப்போதுதான் கிடங்கைத் திறந்திருந்தேன். எங்களுக்கு அது குளிர்காலம், ஸ்வெட்டர் போட்டிருந்தேன். படம் நின்று நின்று வந்தது. ஐயர் எள்ளும் தண்ணியும் விடச் சொன்னபோது ஒரேயடியாக உறைந்துவிட்டது. மறுபடி அசைந்தபோது சேகர் ஈர வேட்டியோடு படியேறி வந்துகொண்டிருந்தார். பிண்டம் கரைத்ததை நான் பார்க்கவில்லை. இன்னொரு தடவை செய்யுங்கள் என்று கேட்கவா முடியும்?

"தெரிஞ்சுதுங்களா அண்ணி?" என்றார்.

"தெரிஞ்சுது தம்பி."

வீட்டு மாடி போர்ஷனுக்கு வெள்ளையடித்தாகிவிட்டதாகச் சொன்னார். தண்ணீருக்குத் தனிக் குழாய், கொசுவுக்கு ஜன்னலில் வலை, எல்லாம் போட்டாயிற்றாம். "வந்துடுங்க அண்ணி. அண்ணனும் இல்ல. அங்க தனியா என்ன பண்ணப் போறீங்க?" என்றார். வருகிறேன் என்றேன். பொய் சொல்லவில்லை. அந்த வாரம் டிக்கெட் விலை விசாரித்திருந்தேன்.

போனை வைத்துவிட்டு, தேதி முடியப்போகிற மருந்துகளைத் தனியாக எடுத்து வைக்கும் வேலையில் இறங்கினேன். அழுகை வரவில்லை. ஒரு வருஷமாகவே வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாக்கள், சர்ச் கூட்டம் முடிந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அழுதார்கள். நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

2

நான் பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். மருந்தியல் படித்தேன். குமரேசனுக்கு ஊர் லால்குடி, வீடு பிற்பாடு ஸ்ரீரங்கம். சர்க்கரை ஆலை இன்ஜினியர். மலாவியில் ஒரு ஆலையில் வேலை கிடைத்தபோது, மன்னார்புரத்தில் ஒரு ஸ்டூடியோவில் இரண்டு பேரும் பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொண்டோம். இரண்டு வருஷம் இருந்து கொஞ்சம் சேர்த்துக்கொண்டு திரும்பலாம் என்றார். எல்லாரும் சொல்வதுதான்.

அவர் இறந்த பிறகு குடியேற்ற அலுவலகத்துக்கு நடையாய் நடந்தேன். முதல் சிக்கல் என் பெயர். நமக்கு அப்பா பெயரின் முதலெழுத்துத்தான் உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. அது அவர்களுக்குப் புரியாது. "மல்லிகா, அப்புறம்?" என்று கேட்பார்கள். அப்புறம் ஒன்றுமில்லை என்றால் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் கணவர் பெயரைப் பின்னால் போட்டு ஓட்டியாகிவிட்டது. இப்போது கம்ப்யூட்டரைத் திறந்தால் நான் இறந்துபோனவரைச் சார்ந்து வாழ்பவள் என்று வருகிறதாம். அந்தப் பையன் மரியாதையாகத்தான் சொன்னான். இறந்தவரை எப்படிச் சார்ந்திருக்க முடியும், ஆகவே புது அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டும் என்றான். சரி என்று எழுந்து வந்தேன். மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் சரி என்றுதான் சொன்னேன்.

எங்களுக்கு ஒரே பெண். கயல்விழி. இங்கே அவளைக் காயா என்பார்கள். இங்கேயே பிறந்தவள். பிள்ளைகளோடு விளையாடிச் சிச்சேவா மொழி முதலில் வந்தது, தமிழ் பிறகு. "அம்மா, மழை விழுது" என்பாள். அவர்கள் மொழியில் மழை விழத்தான் செய்யும். அவள் அப்பா ஒவ்வொரு தடவையும் "விழாதும்மா, பெய்யும்" என்று திருத்துவார். சின்ன வயதில் திருத்திக்கொண்டாள். பிறகு திருத்தினால் பதில் சொல்வதை நிறுத்தினாள். பிறகு எங்களிடம் இங்கிலீஷில் பேசினாள். ஆசிரியர் பயிற்சி முடித்து ஒரு கிராமத்துப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேயே கூட வேலை செய்கிற லிம்பானியைக் கல்யாணம் பண்ணிக்கொள்ளப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சொன்னாள்.

அவள் அப்பா சத்தம் போடவில்லை. சாப்பிட்டு எழுந்து கை கழுவினார். அதன் பிறகு வீட்டில் அவள் பெயரைச் சொல்லவில்லை. நான் மட்டும் போனில் 'சாப்பிட்டியா' என்று கேட்பேன். 'சாப்பிட்டேன்' என்று வரும். தகனத்தன்று அவளும் லிம்பானியும் வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். பார்த்தேன். கூப்பிட வேண்டும் என்று தோன்றவில்லை. எனக்கு அன்று எதுவுமே தோன்றவில்லை.

3

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் மீதி புரியும்.

இந்தப் பக்கத்தில் மலேரியா மழைக்காலக் காய்ச்சல் அல்ல, வருஷம் முழுக்கக் கூடவே இருப்பது. வளர்ந்தவர்கள் உடம்பு ஓரளவு தாங்கப் பழகியிருக்கும். பிள்ளைத்தாய்ச்சிக்கு மட்டும் அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். கிருமி போய் நஞ்சுக்கொடியில் ஒளிந்துகொள்ளும். வெளியே காய்ச்சல்கூடத் தெரியாமல் இருக்கும். தாய்க்கு ரத்தம் குறையும், குழந்தை எடை இல்லாமல் பிறக்கும், சிலது நிற்காமலே போய்விடும். இதைத் தடுக்க வழி இருக்கிறது. கொசுவலைக்குள் படுக்க வேண்டும். நாலாம் மாதத்திலிருந்து, மாதம் ஒரு தடவை மூன்று மாத்திரையை ஒன்றாக விழுங்க வேண்டும். அவ்வளவுதான். மாத்திரை விலை மலிவு. என் கிடங்கில் பெட்டி பெட்டியாக இருக்கும்.

ஆனால் பெட்டியிலிருந்து அந்தப் பெண்ணின் வாய்க்குப் போக வேண்டுமே. சுகாதார நிலையம் அரை நாள் நடை. போனால் சில நாள் இருப்பு இருக்காது. இருந்தால் விழுங்கத் தண்ணீர் இருக்காது. தண்ணீர் இருந்தால் கப் இருக்காது. கையில் கொடுத்து அனுப்பினால் வீட்டில் போடுவார்கள் என்று நிச்சயமில்லை. நானே பொன்மலை ரயில்வே ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்குக் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரை, வாடை பிடிக்காமல், செம்பருத்தித் தொட்டிக்குள் போனதைப் பார்த்தவள்.

இன்னொன்று, முதல் மாதங்களில் யாரிடமும் சொல்ல மாட்டார்கள். பொறாமைக்கண் பட்டுவிடும் என்று பயம். இதைக் கேட்டபோது எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. எங்கள் குவார்ட்டர்ஸிலும் அஞ்சாம் மாதம் வரை வாயைத் திறக்க மாட்டார்கள்.

நானும் ஆரம்பத்தில் ஒரு பெண்ணை ஓட வைத்தேன். அவர்கள் மொழியில் மாட்ஸி என்றால் தண்ணீர், மகாஸி என்றால் ரத்தம். மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கச் சொல்வதாக நினைத்து, ரத்தத்தோடு விழுங்கச் சொல்லிவிட்டேன். ராத்திரியில் வந்து ரத்தம் உறிஞ்சுகிறவர்களைப் பற்றிய வதந்தி ஊரெல்லாம் இருந்த சமயம் வேறு. அந்தப் பெண் கப்பை வைத்துவிட்டு வெளியே போனாள். அவளோடு வந்திருந்த இன்னும் நாலைந்து பேரும் போனார்கள். வீட்டில் சொன்னபோது கயல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது இருக்கும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் எங்கள் மாவட்டத்தில் வேறு மாதிரி செய்து பார்க்கலாம் என்று வந்தது. ஒவ்வொரு கிராமத்திலும் அந்த ஊர்க்காரப் பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுப்பது. அவள் வீடு வீடாகப் போய்த் தன் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வைப்பது. கூடவே சுகாதார நிலையப் பரிசோதனைக்கும் போகச் சொல்வது. கூட்டத்தில் அதிகாரிகள் மருந்தை இவர்கள் கையில் கொடுக்கலாமா என்று மாதக்கணக்கில் பேசினார்கள். கையெழுத்துக்குப் போன காகிதம் ஒரு மேஜையில் மாட்டும், கழன்று வந்தால் அடுத்த மேஜையில் மாட்டும். கடைசியில் ஒரு வழியாக ஆரம்பித்தது. கயல் வேலை பார்க்கும் பக்கத்துக் கிராமங்களுக்கு அது இந்த வருஷம்தான் போய்ச் சேர்ந்தது.

4

திதி முடிந்த வாரம், மேற்பார்வைக்குப் போகும் ஜீப்பில் நானும் ஏறினேன். மருந்து எப்படிப் போய்ச் சேருகிறது என்று பார்ப்பது வேலை. வேலை முடிந்ததும் கயல் வீட்டுக்குப் போய், நான் ஊருக்கே திரும்பப் போகிறேன் என்று நேரில் சொல்லிவிட்டு வரலாம் என்பது என் திட்டம். போனில் சொல்ல வேண்டாம் என்று மட்டும் தோன்றியது.

அந்தக் கிராமத்துக்குப் பொறுப்பு எஸ்நாத். நாற்பது வயதிருக்கும். தலையில் மூடி போட்ட நீலப் பிளாஸ்டிக் வாளி, அதில் கொதிக்க வைத்து ஆற்றிய தண்ணீர், இடுப்பில் கட்டிய துணியில் இரண்டு கப், மாத்திரை டப்பா. மக்காச்சோளம் அறுத்து முடிந்த கொல்லைகள் வழியாக அவள் பின்னால் நடந்தேன். வாசலில் நின்று குரல் கொடுப்பாள். உள்ளே போய் முதலில் வேறு ஏதாவது பேசுவாள், ஆடு குட்டி போட்டதா, மாமியாருக்குக் கால் வலி எப்படி என்று. பிறகுதான் டப்பாவைத் திறப்பாள். விழுங்கியதும் உடனே எழுந்து போக மாட்டாள். அரை மணிக்குள் வாந்தி வந்தால் மறுபடி கொடுக்க வேண்டும் என்பதால் உட்கார்ந்தே இருப்பாள். ஒரு பெண் கணவனுக்கே இன்னும் சொல்லவில்லை என்றும், எஸ்நாத்துக்கு மட்டும் தெரியும் என்றும் சொன்னாள்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கயல் குடியிருக்கும் வீடு தெரிந்தது. தகரக் கூரை, பப்பாளி மரம். நான் எஸ்நாத்திடம், இது என் மகள் வீடு, நீ அடுத்த வீட்டுக்குப் போ, நான் பேசிவிட்டு வருகிறேன் என்றேன்.

அவள் போகவில்லை. வாளியைத் தலையிலிருந்து இறக்கி வாசலில் வைத்தாள்.

"இதுவும் என் சுற்றில் இருக்கிற வீடுதான், அம்மா," என்றாள் அவர்கள் மொழியில்.

கயல் வெளியே வந்தாள். இங்கே பெண்கள் இடுப்பில் சுற்றிக் கட்டும் சிட்டென்ஜித் துணியை மார்புக்குக் கீழே உயர்த்திக் கட்டியிருந்தாள். வயிறு தெரிந்தது. அஞ்சாம் மாதம் என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது. இத்தனை வருஷம் வரிசையில் நிற்கும் பெண்களைப் பார்த்துப் பழகிய கண். அவள் பாயை விரித்து உட்கார்ந்தாள். எஸ்நாத் கப்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். கயல் மூன்று மாத்திரையையும் வாயில் போட்டுக்கொண்டு குடித்தாள். குடிக்கும்போது கப்புக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் கேட்டது இதுதான்: "ஃபோலிக் ஆசிட் எவ்ளோ பவர் குடுக்கறாங்க?"

கேட்க வேண்டிய கேள்விதான். அந்த மாத்திரையின் அளவு அதிகமானால் மலேரியா மாத்திரை வேலை செய்யாது. ஆனாலும் ஒரு வருஷத்துக்குப் பிறகு பெண்ணை நேரில் பார்த்து நான் பேசிய முதல் பேச்சு அது.

"சின்ன டோஸ்தான்," என்றாள் கயல். "எஸ்நாத் செக் பண்ணிட்டாங்க."

லிம்பானி பள்ளியில் இருந்தான். எஸ்நாத் பப்பாளி மரத்தடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கயல் தமிழில் பேசினாள். அடிக்கடி நின்று வார்த்தை தேடினாள்.

"முன்னாடி ஒண்ணு இருந்துச்சும்மா. அப்பா போனப்போ. அது நிக்கல."

மீதியையும் அவளே சொன்னாள். சுகாதார நிலையத்துக்கு நடந்து போனாளாம். சீக்கிரம் வந்துவிட்டாய், அடுத்த மாதம் வா என்றார்களாம். அடுத்த மாதம் போனால் இருப்பு இல்லை. அதற்கப்புறம் காய்ச்சல் வந்தது. காய்ச்சலால்தான் போனதா என்று யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முடியாது. அப்போது இந்த ஊரில் எஸ்நாத்தின் சுற்று ஆரம்பிக்கவில்லை.

கேட்டுக்கொண்டிருந்தேன். என் தலைக்குள் ஓடியது வேறு. வீணான வருகை இரண்டு, இருப்பின்மை ஒன்று. மாதாந்தரக் கூட்டத்தில் இப்படித்தான் பேசுவோம்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நேத்து எஸ்நாத் வந்து, உங்கம்மா நாளைக்கு என்கூட வராங்க, உன் வீட்டை விட்டுட்டுப் போகட்டுமான்னு கேட்டாங்க. விட வேணாம்னு சொன்னேன்." பாயின் ஓரத்தை நீவினாள். "நீ என்னைப் பாக்க வந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன்மா. வேலையா வந்தேன்னா ஈஸியா இருக்கும்னு நினைச்சேன்."

டிக்கெட்டைப் பற்றி நான் பேசவில்லை. அரை மணி முடிந்தது. எஸ்நாத் எழுந்து வாளியைத் தலையில் வைத்தாள். நானும் எழுந்து அவள் பின்னால் அடுத்த வீட்டுக்குப் போனேன். போகும்போது கயல், "அடுத்த மாசமும் வருவியா?" என்று கேட்டாள். வருவேன் என்றேன்.

5

அடுத்த மாதமும் போனேன். அதற்கடுத்த மாதமும். ஜீப் இல்லாத மாதம் மினிபஸ்ஸில் கூட்டுரோடு வரை போய், அங்கிருந்து லிம்பானி சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனான். பேசாமல் மிதித்தான். மேடு வந்தபோது இறங்கிக்கொள்ளட்டுமா என்றேன், வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, எனக்கு முன்னால் முழங்காலை மடக்கி இரண்டு கையாலும் தண்ணீர் கொடுத்தான். அது அவர்கள் பெரியவர்களுக்குச் செய்யும் மரியாதை.

குடியேற்ற அலுவலகத்தில் மறுபடி அந்தப் பையன்தான் இருந்தான். என் பெயரிலேயே, என் வேலையின் பேரிலேயே அனுமதி வேண்டும் என்று கேட்டேன். அதற்கும் ஒரு வழி இருக்கிறதாம், முன்னாலேயே கேட்டிருக்கலாமே என்றான்.

இப்போதைக்கு வரவில்லை என்று சேகரிடம் போனில் சொன்னேன். கயலைப் பற்றி அவரிடம் யாரும் பேசுவதில்லை என்பதால் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. 

"எத்தனாவது மாசம்ங்க அண்ணி?"

"ஏழு."

"சரிங்க," என்றார். "மாடியை வாடகைக்கு விட்டுடறேன். நீங்க வர்றப்போ காலி பண்ணிக்கலாம். கைக்குழந்தையோட வந்தா கீழ் வீடுதான் வசதி."

கார்த்திகை மாதம், இங்கே முதல் மழை இறங்கிய வாரத்தில், அந்தச் சுகாதார நிலையத்திலேயே கயலுக்குப் பெண் குழந்தை பிறந்தது. வலி வந்ததும் வழியில் உள்ள ஆற்றைத் தாண்டிக் கொண்டுபோனவர்கள் லிம்பானியும் எஸ்நாத்தும். நான் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தேன். நல்ல எடை. தாய்க்கும் ரத்தம் குறையவில்லை. மாத்திரையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். என் வேலையில் இருக்கிறவர்கள் ஒரு குழந்தையை வைத்து அப்படிச் சொல்லக் கூடாது. எங்கள் கிராமங்களில் மாத்திரை விழுங்குகிற பெண்கள் முன்பைவிட அதிகம் என்று மட்டும் சொல்லலாம். திட்டத்துக்கு அடுத்த வருஷம் பணம் வருமா என்று இன்னும் தெரியவில்லை. எஸ்நாத் தன் சுற்றுக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறாள்.

குழந்தையைக் கையில் வாங்கினேன். கனமாக இருந்தது. சந்தோஷம்தானே என்று ஸ்ரீரங்கத்திலிருந்து கேட்டார்கள். ஆமாம் என்றேன். இருக்கிறது, எங்கேயோ தள்ளி இருக்கிறது. மெதுவாக வந்து சேரும்போல.

6

இதோடு நிறுத்திவிடலாம் என்று பார்த்தேன். எழுதிய வரை படித்தபோது ஒன்றைத் தாண்டி வந்துவிட்டது தெரிந்தது.

பிரசவத்துக்கு முன்னால் கடைசித் தடவை மாத்திரை கொடுத்த நாள். ஐப்பசி வெயில். மலாவியில் அதுதான் கொளுத்தும் மாதம். கயலுக்குக் கால் வீங்கியிருந்தது. மாத்திரையை விழுங்கியதும் முகம் வெளுத்துவிட்டது. எஸ்நாத் அவளைச் சுவரில் சாய்ந்து உட்காரச் சொன்னாள். அரை மணி பார்ப்போம் என்று மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம்.

கயல் திடீரென்று கேட்டாள்.

"அப்பா ஆஸ்பத்திரில என்னைப் பத்தி ஏதாச்சும் கேட்டாராம்மா?"

இந்தக் கேள்வி ஒரு நாள் வரும் என்று தெரியும். நல்லதாக நாலு வார்த்தை சேர்த்துச் சொல்லலாம் என்றுகூட முன்பு நினைத்திருந்தேன். மன்னித்துவிட்டார், பார்க்க ஆசைப்பட்டார் என்று. அப்படி எதுவும் அவர் சொல்லவில்லை.

"ஒண்ணு கேட்டாரு," என்றேன். "அவ ஸ்கூலுக்குப் பஸ் போகுதான்னு கேட்டாரு."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான். தெரியலைங்கன்னேன். திரும்பிப் படுத்துக்கிட்டாரு."

அவள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோழி ஒன்று வாளியைச் சுற்றி வந்தது. எஸ்நாத்துக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் கோழியைக்கூட விரட்டாமல் இருந்தாள்.

"இல்லப்பா," என்றாள் கயல், முற்றத்தைப் பார்த்தபடியே. "பஸ் இல்ல. கூட்டுரோட்லேருந்து நடந்துதான் வரணும்."

அப்புறம் முன்பக்கமாகக் குனிந்தாள். தோள் குலுங்கியது. வாந்தி எடுக்கப் போகிறாள், மறுபடி மூன்று மாத்திரை கொடுக்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அதற்காகத்தான் அவள் முதுகில் கையை வைத்தேன். அவள் வாந்தி எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அது வாந்தி இல்லை என்று எனக்கும் தெரிந்துவிட்டது. கையை எடுக்கவில்லை.